நெஞ்சின் ஒலியை எழுத்தில் பதித்த வைத்தியர்

அந்நிய நாட்டு வைத்தியசாலையில் மொழி தெரியாது அமர்ந்திருக்கும் நம்மவரிடம் வைத்தியர் செய்வது யாது? ஸ்ரெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்கின்றார். கேட்டதைக் கோவையில் எழுதுகின்றார். வாய் சொல்ல இயலாததை உடல் சொல்லும் என்பதையும், அதனைப் பிழையின்றிப் பதிய வேண்டும் என்பதையும் வைத்திய உலகுக்குக் கற்பித்தோருள் முதன்மையானவர் ரெனே லெனெக். அப்பெரியாரின் வாழ்வை இங்கு சுருக்கமாக நினைவுகூருகின்றோம்.

பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரெத்தான் பிரதேசத்தின் கம்பேர் நகரில் 1781ஆம் ஆண்டு லெனெக் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்த அவர், நாந்த் நகரில் வைத்தியராயிருந்த தந்தையின் சகோதரரிடம் வளர்ந்தார். 1801இல் பாரிசுக்கு வந்து, புகழ்பெற்ற கொர்விசாரிடம் வைத்தியம் பயின்றார். நெஞ்சை விரலால் தட்டி அதன் ஒலியை ஆராயும் முறையைப் பரப்பியவர் அந்த ஆசான்.

1814இல், நெப்போலியனின் போர்களில் நோயுற்ற பிரெத்தான் வீரர் பலர் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பலருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. தமது துன்பத்தைச் சொல்ல வழியின்றிக் கிடந்த அவர்களைச் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் ஒன்றாகச் சேர்த்து, அவர்களது மொழியிலேயே பேசிப் பராமரித்தவர் லெனெக். மொழியற்ற நோயாளியின் தவிப்பை அவர் நேரிற் கண்டவர்.

1816இல் பாரிசின் நெக்கர் வைத்தியசாலையில் பொறுப்பேற்றார். அங்கே இதயநோய்க் குறிகளுடன் இளம்பெண் ஒருவர் வந்தார். உடற்பருமனால் தட்டிப் பார்ப்பதிற் பயனில்லை. நெஞ்சிற் காதை வைப்பதோ முறையன்று. லெனெக் தாள்களைச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத்தின் துடிப்பு முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தைக் கடைந்து குழாய் செய்தார். அதுவே முதல் ஸ்ரெதஸ்கோப்.

எனினும், கருவியிலும் பெரிது அவர் எழுதிய குறிப்புகளே என்போம். நாள்தோறும் ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலும் எவ்விடத்தில் எவ்வொலி கேட்டது என்பதைப் பதிந்தார். நோயாளி இறந்தால் உடலைத் திறந்து, முன்பு எழுதியது சரியா என ஒப்புநோக்கினார். ஓரிடத்தில் நோயாளியின் குரல் நெஞ்சிலிருந்தே குழாய்வழி வருவதுபோற் கேட்டால், காசநோய் அவ்விடத்து நுரையீரலைக் குடைந்து பொந்தாக்கியிருக்கும். குரல் ஆடு கத்துவதுபோல் நடுங்கினால், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கும். இவையனைத்தையும் 1819இல் இரு பாகங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார். உயிருள்ளவரின் நெஞ்சுக்குள் நிகழ்வதை உடலைத் திறவாமலே அறிய அந்நூல் வழி திறந்தது.

அவரது கனிவுக்கும் ஒரு சான்றுண்டு. நுரையீரலின் இரைச்சலுக்கு அவர் வழங்கிய பிரெஞ்சுச் சொல் மரணத் தறுவாயில் எழும் ஒலியையும் குறிப்பது. நோயாளி அதனைக் கேட்டு அஞ்சலாகாதென்று, கட்டிலருகே அதற்கு ஈடான இலத்தீன் சொல்லையே பயன்படுத்தினார்.

காலம் கொடியது. லெனெக்கையும் காசநோய் பற்றியது. 1826இல் அவர் பிரெத்தானுக்குத் திரும்பினார். உறவினரான இளம் வைத்தியரைத் தமது நெஞ்சிற் குழாய் வைத்துக் கேட்கச் செய்தார். அவ்விளைஞர் கூறிய குறிகள், பிறர் நெஞ்சிற் கேட்டுத் தாமே நூலில் எழுதியவை. அவ்வாண்டு ஆகஸ்ட் 13இல், 45ஆம் வயதில் மறைந்தார். காசநோய்க் கிருமியைக் கொக் கண்டறிந்தது 1882இல். அதனை வெல்லும் மருந்துகள் வந்தது 1940களில்.

இன்று பெரும்பாலும் சில மாத மருந்தினாற் காசநோய் குணமாகின்றது. நீங்காத இருமலை நம்மவர் அச்சத்தாலோ கூச்சத்தாலோ மறைத்தலாகாது. முகாம் விட்டு முகாமும், நாடு விட்டு நாடும் மாறும் நாம், நமது வைத்தியக் குறிப்பின் பிரதியைக் கேட்டுப் பெற்று உடன்கொண்டு செல்வோமாக. நமக்கு மொழி கைகொடாத இடத்தில் நமக்காகப் பேசுவது அந்தத் தாளே.