மலிகுல் உலமா பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்)

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிக்கு ஜும்ஆ தொழச் செல்பவர்களில் பலர், 1972-ல் அங்கே அடக்கம் செய்யப்பட்ட காயிதே மில்லத் அவர்களின் கப்ரருகே நின்று பாத்திஹா ஓதிவிட்டுத் திரும்புகிறார்கள். அதே பள்ளி வளாகத்தில், அதற்கு 162 ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிய ஒரு பெரியாரும் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் குறைவு. அவர்கள்தாம் மலிகுல் உலமா பஹ்ருல் உலூம் அப்துல் அலீ லக்னவீ (ரஹ்) அவர்கள். பஹ்ருல் உலூம் என்றால் கல்விகளின் கடல்.

அன்னாரின் சரிதையை எழுத வேண்டும் என்ற எண்ணம் நமக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் உண்டாயிற்று. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுக்கலாமா என்று பேச்சு வந்தது. ஓர் இளைஞர் தமிழில் அச்சான மார்க்கச் சட்டப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து, ஆண்களுக்குப் பட்டு ஹராம் என்று வாசித்துக் காட்டினார். அப்போது தறிகளுக்கு நடுவே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவர், பாவு பட்டாகவும் ஊடை பருத்தியாகவும் நெய்த துணியானால் அதற்கு என்ன சட்டம் என்று கேட்டார். இளைஞர் ஏடுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

விடை, நாம் மதரஸாவில் ஓதிய ஹிதாயாவில் இருக்கிறது. ஹனபி மத்ஹபில், பாவு பட்டாக இருந்து ஊடை பட்டல்லாத நூலாக இருந்தால் ஆண்கள் அதை உடுத்தலாம். ஊடை பட்டானால் கூடாது. போர்க்களத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. காரணம் என்ன? பாவு எவ்வளவு நீளம் தறியில் ஏறியிருந்தாலும் அது வெறும் நூல்தான். ஊடை ஓடிய பிறகே அது துணியாகிறது. ஆகவே சட்டம் ஊடையைப் பார்க்கிறது. ஷாபிஈ மத்ஹபின் இமாம்களோ எடையைப் பார்த்தார்கள். பட்டின் எடை மிகுந்தால் கூடாது என்றார்கள். ஹதீஸ் ஒன்றுதான். காரணத்தைக் கண்டெடுக்கும் வழியில்தான் இரு சாராரும் வேறுபட்டார்கள். இந்த வழியை ஆராயும் கல்விக்கே உஸூலுல் பிக்ஹு என்று பெயர். அந்தக் கல்வியில் நம் நாட்டில் எழுந்த தலைசிறந்த கிதாபுகளில் ஒன்றை எழுதியவர்களே வாலாஜா பள்ளியில் அடங்கியிருக்கும் அந்தப் பெரியார்.

பிறப்பும் கல்வியும்

அன்னார் ஹிஜ்ரி 1144-ல் (1731) லக்னோவில், பிரங்கி மஹல் என்னும் இல்லத்தில் பிறந்தார்கள். முன்னர் ஐரோப்பிய வியாபாரி ஒருவர் குடியிருந்ததால் அந்த இல்லத்துக்கு அப்பெயர் வந்தது. அன்னாரின் பாட்டனார் முல்லா குத்புத்தீன் ஸிஹாலவீ (ரஹ்) அவர்கள் 1692-ல் தம் ஊரில் பகைவர்களால் ஷஹீதாக்கப்பட்டார்கள். வீடிழந்த பிள்ளைகளுக்குப் பாதுஷா ஔரங்கஸீப் ஆலம்கீர் அவர்கள் இந்த இல்லத்தைக் கொடுத்தார்கள். ஒரு கொலையால் சிதறிப் போயிருக்க வேண்டிய குடும்பம், கல்விக் குடும்பமாக நிலைத்தது.

அன்னாரின் தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் தர்ஸே நிஜாமி என்னும் பாடத்திட்டம் இவர்கள் பெயரால் வழங்குவதே. தந்தையார் ஹிஜ்ரி 1161-ல் வபாத்தானபோது மகனாருக்கு வயது 17. ஓதும் வயதில் தந்தையை இழந்தும், அன்னார் கிதாபை மூடி வைக்கவில்லை. தந்தையாரின் மாணவராகிய முல்லா கமாலுத்தீன் (ரஹ்) அவர்களிடம் தம் சந்தேகங்களைக் கொண்டு சென்று தெளிந்தார்கள். தந்தையார் முடிக்காது விட்ட உஸூல் விரிவுரை ஒன்றையும் பின்னர் தாமே எழுதி நிறைவு செய்தார்கள். தறியில் பழைய பாவு தீரும் தறுவாயில் அதன் இழைகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைத்து நெசவைத் தொடர்வதை நம் ஊரார் அறிவார்கள். ஆலிம்களின் வேலையும் அதுவே.

ஊர் ஊராக

லக்னோவில் உண்டான ஒரு சச்சரவின் காரணமாக அன்னார் பிறந்த ஊரை விட்டுப் புறப்பட நேர்ந்தது. ஷாஜஹான்பூர் சென்று, ரோஹிலாத் தலைவர் ஹாபிஸ் ரஹ்மத் கான் அவர்களின் ஆதரவில் சுமார் 20 ஆண்டுகள் ஓதிக் கொடுத்தார்கள். 1774-ல் ஹாபிஸ் ரஹ்மத் கான் போரில் கொல்லப்பட்டார்கள். அதன் பின் ராம்பூர் நவாபு பைஸுல்லாஹ் கானிடமும், அங்கிருந்து வங்காளத்தில் பர்த்வான் பகுதியிலுள்ள புஹார் என்னும் ஊருக்கும் சென்றார்கள். எங்கே சென்றாலும் மாணவர்கள் கூட்டமாக உடன் சென்றார்கள். தமக்குக் கிடைக்கும் மானியம் தம் குடும்பத்துக்குப் போதுமா என்பதை விட, தாலிபுல் இல்முகளுக்குப் போதுமா என்பதே அன்னாரின் கவலையாக இருந்தது.

ஹிஜ்ரி 1205 வாக்கில் ஆற்காட்டு நவாபு முஹம்மது அலீ வாலாஜா அவர்கள் அன்னாரைச் சென்னைக்கு அழைத்தார்கள். பல்லக்கு வந்து சேர்ந்தபோது நவாபே அதற்குத் தோள் கொடுத்தார் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அன்னாருக்கென ஒரு மதரஸாவை அமைத்து, ஆலிம்களின் அரசர் என்னும் பொருள்படும் மலிகுல் உலமா என்ற பட்டத்தையும் நவாபு அளித்தார்.

கிதாபும் அதன் துணிவும்

பீஹாரைச் சேர்ந்த காழி முஹிப்புல்லாஹ் (ரஹ்) அவர்கள் எழுதிய முஸல்லமுஸ் ஸுபூத் என்னும் உஸூல் கிதாபு, சுருக்கத்துக்கும் கடினத்துக்கும் பெயர் பெற்றது. அதற்கு பஹ்ருல் உலூம் அவர்கள் எழுதிய விரிவுரையே பவாதிஹுர் ரஹமூத். அப்பெயரின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டினால் 1180 வரும். அதாவது, அன்னார் முப்பத்தாறாம் வயதை ஒட்டிய ஷாஜஹான்பூர் காலத்து உழைப்பு அது.

அதில் ஓரிடம் இன்றும் ஆலிம்களை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. முழுமையான இஜ்திஹாத் நான்கு இமாம்களோடு முடிந்துவிட்டது என்றும், மத்ஹபுக்குள் செய்யும் இஜ்திஹாத் அல்லாமா நஸபீ அவர்களோடு முடிந்துவிட்டது என்றும் சிலர் சொல்லி வந்தார்கள். அன்னார் அதை ஏற்கவில்லை. இதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்றார்கள். இனி எவரும் பிறக்கமாட்டார் என்று சொல்வது, அல்லாஹ் ஒருவனே அறிந்த மறைவான செய்தியைத் தாம் அறிந்ததாகச் சொல்வதாகும் என்றும் கண்டித்தார்கள்.

இதைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். அன்னார் ஆயுள் முழுவதும் ஹனபி மத்ஹபைப் பற்றி நின்றவர்கள். கண்டவரெல்லாம் புத்தகத்தைத் திறந்து சட்டம் சொல்லலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அறிவில்லாமல் பத்வா கொடுத்து, தாமும் வழிதவறிப் பிறரையும் வழிதவறச் செய்வோரை எச்சரிக்கும் ஹதீஸை அவ்விடத்தில் அவர்களே நினைவூட்டுகிறார்கள். வாசலைப் பூட்டுகிறவரும் அறிவின்றிப் பேசுகிறார். தகுதியின்றி உள்ளே நுழைகிறவரும் அறிவின்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்ததே அன்னாரின் நடுநிலை.

கைமாறிய நீதிமன்றம்

அன்னார் சென்னையில் வாழ்ந்த காலம் அமைதியான காலமல்ல. நவாபின் கஜானா கடனில் மூழ்கியிருந்தது. நம் காஞ்சிபுரம் உள்ளிட்ட செங்கல்பட்டுச் சீமை 1763-லேயே கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுக்கப்பட்டுவிட்டது. 1795-ல் நவாபு வாலாஜா மறைந்தார். 1801-ல் கர்நாடக நாட்டின் ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போயிற்று.

அதே காலத்தில் நம் சட்ட நூல்களுக்கும் ஒரு மாற்றம் நேர்ந்தது. முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளையும் சொத்து வழக்குகளையும் அவர்கள் ஷரீஅத்தின்படியே தீர்ப்பது என்று 1772-ல் வங்காளத்தில் கம்பெனி முடிவு செய்தது. அதற்காக ஹிதாயாவைப் பார்ஸி வழியாக சார்லஸ் ஹாமில்டன் என்பவர் ஆங்கிலமாக்கி 1791-ல் வெளியிட்டார். நீதிமன்றங்களில் காழிகளும் முப்திகளும் அருகிருந்து சட்டம் எடுத்துச் சொன்னார்கள். 1864-ல் அந்தப் பதவிகளும் நீக்கப்பட்டன. அதன் பிறகு நீதிபதியின் மேஜையில் கிதாபின் மொழிபெயர்ப்பு இருந்தது. அதை ஓதிக் கொடுக்கும் உஸ்தாது இல்லை. கல்யாண வீட்டில் அந்த இளைஞர் நின்ற நிலையில்தான் ஒரு நாட்டின் நீதிமன்றமே நின்றது. வரி இருந்த இடத்தில் தீர்ப்பு இருந்தது. வரி இல்லாத இடத்தில், காரணத்தை அறிந்து சொல்ல ஆள் இல்லை.

ஆட்சி போனபோதும் பஹ்ருல் உலூம் அவர்கள் பாடத்தை நிறுத்தவில்லை. அவர்களுக்குப் பின் மருமகனார் மௌலானா அலாவுத்தீன் (ரஹ்) அவர்கள் பாடத்தைத் தொடர்ந்தார்கள். இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர், தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜு ஆகிய நான்கு கடமைகளின் சட்டங்களை விளக்கி அர்கானெ அர்பஆ என்ற கிதாபையும், மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவிக்குப் பார்ஸியில் விரிவுரையும் எழுதினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆராய்ச்சி அமலில் வந்து முடியாவிட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு என்பதை அன்னார் அறிந்திருந்தார்கள்.

ஹிஜ்ரி 1225 ரஜப் 12-ல் (1810 ஆகஸ்டு) அன்னார் வபாத்தானார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஹிஜ்ரி 1322-ல் மிஸ்ரு நாட்டின் பூலாக் அச்சகத்தார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் முஸ்தஸ்பாவை அச்சிட்டபோது, அதனோடு சேர்த்து பவாதிஹுர் ரஹமூத்தையும் அச்சிட்டார்கள். திருவல்லிக்கேணியில் அடங்கியிருப்பவரின் எழுத்து, இமாம் கஸ்ஸாலியின் எழுத்தோடு ஒரே ஏட்டில் அரபு நாடெங்கும் சென்றது.

வாசக நேயர்களே! வீட்டில் மார்க்கப் புத்தகம் இருப்பது நல்லதே. வாங்குங்கள், வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆனால் அதில் ஒரு வரி இல்லாத இடத்தில் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரு வரி இருக்கும் இடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். ஓதியவரிடம் சென்று கேளுங்கள். ஆலிம்களாகிய நாமும், ஹராம், ஹலால் என்று ஒரு சொல்லில் முடித்து அனுப்பாமல், கேட்பவருக்குக் காரணத்தையும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தத் தறிக்காரப் பெரியவர் விடையைக் கேட்டதும், ஊடைதான் துணி என்பது எங்களுக்குத் தெரிந்ததுதானே என்று மகிழ்ந்தார். மாப்பிள்ளைக்கு வெள்ளைப் பருத்தி வேட்டியே எடுத்தார்கள்.

அடுத்த முறை வாலாஜா பள்ளிக்குச் செல்பவர்கள் இந்தப் பெரியாரின் கப்ரருகேயும் சற்று நின்று துஆச் செய்வார்களாக. அல்லாஹ் அன்னாரின் கப்ரைப் பிரகாசமாக்கி, அன்னாரின் கல்வியின் பரக்கத்தை நம் வீடுகளிலும் நம் மதரஸாக்களிலும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.