பட்டம் விட்ட பிரபு: சர் ஜோர்ஜ் கெய்லி

ஆடி பிறந்தால் ஊவா மலைகளிலே கச்சான் வீசத் தொடங்கும். ஈரமற்ற அந்த வரண்ட காற்றுப் பட்ட கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மணத்தைத் தேடித் தருகின்றது என்பதைத் தோட்டத்திற் பிறந்த எவருக்கும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்குக் கச்சான் கொழுந்தின் காலம். சிறுவர்களுக்கோ அது பட்டத்தின் காலம். மூங்கிற் சிம்பும் பழைய பத்திரிகைத் தாளும் சோற்றுப் பசையும் கொண்டு லயத்து வாசலிலே பட்டம் கட்டி, நமுனுகலை மலையை நோக்கி அதை ஏற்றிவிட்டு, வீட்டுப்பாடத்தை மறந்து நின்று அடி வாங்கியவர்கள் நம்முட் பலர். அந்தப் பட்டத்திலிருந்துதான் ஆகாய விமானம் பிறந்தது என்று அன்று நாம் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு அடி கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆயினும் அது உண்மை. அதனைச் செய்து காட்டிய சர் ஜோர்ஜ் கெய்லி என்பாரின் சரித்திரத்தையே இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வானிற் பறத்தல் என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவது புஷ்பக விமானம். எல்லவிலே இராவணன் குகையைக் காட்டும் பெரியோர் அவ்விமானத்தின் கதையையும் சொல்லத் தவறுவதில்லை. சீவகசிந்தாமணியிலே, கருவுற்றிருந்த விசயை மயிற்பொறி ஏறிப் பகைவரிடமிருந்து தப்பியதை நாம் வகுப்பிற் படித்திருக்கின்றோம். கவிகள் கண்ட அக்கனவுகளைக் குறைகூற நாம் வரவில்லை. கெய்லியின் பெருமை வேறு வகையானது. அவர் அக்கனவை முழக்கோலும் தராசும் கொண்டு அளக்கத் துணிந்தவர்.

கெய்லி 1773ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்ப் பகுதியிலுள்ள ஸ்காபரோ என்னும் கடற்கரைப் பட்டினத்திலே பிறந்தார். அவருக்குப் பத்து வயது நிரம்பும் தறுவாயிலே, 1783இல், பிரான்சிலே மொங்கோல்பியர் சகோதரர்கள் நம் திருவிழாக்களில் விடும் புகைக்கூண்டைப் போன்ற ஒன்றைப் பெரிதாகச் செய்து மனிதரை வானில் ஏற்றினர். அச்செய்தி சிறுவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆனால் கூண்டு காற்றுக்கு அடிமை. காற்று இழுத்த பக்கமே போகும். காகமும் பருந்துமோ காற்றைவிடப் பாரமானவையாயிருந்தும், நினைத்த பக்கம் போகின்றன. இந்த வேற்றுமைதான் அவரை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றி நின்றது.

அவருக்குக் கல்வி புகட்டியோருள் முதன்மையானவர் ஜோர்ஜ் வோக்கர் என்னும் போதகர். அவர் கணிதத்திலும் வல்லவர். பாதிரிமாரின் பாடசாலையிலே கேத்திரகணிதம் பயின்ற நமக்கு இந்தச் சேர்க்கை புதுமையாகத் தோன்றவில்லை. ஆசானின் மகள் சாராவையே கெய்லி 1795இல் மணந்துகொண்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே தந்தையார் காலமாக, பதினெட்டு வயதிலேயே பரோனெட் என்ற பட்டமும் புரொம்ப்டன் என்னும் ஊரிலுள்ள மாளிகையும் நிலபுலன்களும் அவருக்கு வந்து சேர்ந்தன. பட்டம் என்ற சொல் தமிழிலே எத்தனை வேலை செய்கின்றது! பிறப்பால் வந்த பட்டத்தை அவர் பெட்டியில் வைத்தார்; காகிதப் பட்டத்தைக் கையில் எடுத்தார். பல்கலைக்கழகத்துப் பட்டத்துக்காகக் கண்விழிக்கும் நாம் இதனைச் சற்றே பொறாமையோடுதான் எழுதுகின்றோம்.

1796இல் அவர் செய்தது ஒரு விளையாட்டுப் பொருள். இரண்டு தக்கைகளிலே பறவை இறகுகளைச் செருகி, வில்லின் நாணால் அவற்றைச் சுழலச் செய்தார். அது கூரை வரை எழும்பிற்று. பிரெஞ்சுக்காரர் இருவர் முன்னர் செய்து காட்டியதன் மறுபதிப்பே அது. அவருடைய சொந்தச் சிந்தனை மலர்ந்தது 1799இல். அவ்வாண்டிலே ஒரு சிறு வெள்ளித் தகட்டில் அவர் செதுக்கிய படங்கள் இன்றும் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் உள்ளன. ஒரு பக்கத்திலே அசையாத சிறகும், பின்னாலே வாலும், நடுவே ஆள் இருக்கும் தோணி போன்ற உடலும் கொண்ட ஓர் ஊர்தி. மறுபக்கத்திலே, சாய்ந்த சிறகின் மீது காற்று மோதும்போது உண்டாகும் விசை, மேலே தூக்கும் பகுதியாகவும் பின்னே இழுக்கும் பகுதியாகவும் பிரிவதைக் காட்டும் முக்கோணம்.

இதிலே என்ன பெருமை என்று சிலர் கேட்கக்கூடும். அதுவரை பறக்க முயன்றவர்கள் பெரும்பாலும் பறவையைப் போலச் சிறகடிக்கவே முயன்றனர். பறவையின் சிறகு இரண்டு வேலைகளை ஒருங்கே செய்கின்றது. உடலைத் தாங்குகின்றது, முன்னே தள்ளவும் செய்கின்றது. மனிதன் அதனைப் பார்த்துச் செய்யப் புகுந்து கைகால் முறிந்தான். கெய்லி இவ்விரண்டு வேலைகளையும் பிரித்தார். தாங்குவதற்கு அசையாத சிறகு. தள்ளுவதற்கு வேறொரு சாதனம். இன்று கட்டுநாயக்காவில் இறங்கும் பெரிய விமானமும் இந்தப் பிரிவினையைத்தான் கடைப்பிடிக்கின்றது.

1804இல் அவர் தமது மாளிகையின் மாடிப்படிகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்திலே ஒரு சுழல் தடியை அமைத்தார். தடியின் முனையிலே ஒரு சதுர அடிச் சிறகு. கயிற்றிலே கட்டிய பாரம் கீழே இறங்க, தடி சுழலும். சிறகை இத்தனை பாகை சாய்த்தால், இத்தனை வேகத்திலே, எவ்வளவு பாரம் தாங்கும் என்று நாட்கணக்காக எழுதிவைத்தார். நம் காகத்துக்கு உறவான ரூக் என்னும் பறவையையும் அவர் விடவில்லை. ஓர் இறாத்தல் பாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடிச் சிறகுள்ள அப்பறவை செக்கனுக்குச் சுமார் 35 அடி வேகத்திற் சென்றால் தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்று கணக்கிட்டார்.

அதே ஆண்டில்தான் அந்தப் பட்டம் வருகின்றது. சுமார் ஐந்தடி நீளமுள்ள ஒரு கழி. அதன் முற்பகுதியிலே, சற்றே நிமிர்த்திக் கட்டிய சாதாரணக் காகிதப் பட்டம். பின்முனையிலே, எப்பக்கமும் திருப்பக்கூடிய மூட்டிலே பொருத்திய சிலுவை வடிவான வால். முன்னாலும் பின்னாலும் நகர்த்தத்தக்க ஒரு சிறு பாரம். இவ்வளவுதான். நூல் இல்லை, இயந்திரம் இல்லை. குன்றின் மேலிருந்து தள்ளிவிட்டால் அது அமைதியாகச் சறுக்கி இறங்கும். வாலைச் சற்றுத் திருப்பிவைத்து விட்டால், வைத்த பக்கம் திரும்பும். செங்குத்தான சரிவிலே அது மிதந்து இறங்குவதைப் பார்ப்பதற்கு மிக அழகாயிருந்ததென்றும், இதனையே பெரிதாகச் செய்தால் அல்ப்ஸ் மலையிலிருந்து இறங்குவதற்குக் கோவேறு கழுதையைவிடப் பத்திரமான வாகனமாகுமென்றும் அவர் குறித்திருக்கின்றார். உலகின் முதலாவது உண்மையான கிளைடர் மாதிரி இதுவே என்று சரித்திர ஆசிரியர்கள் கொள்வர். கிளைடர் என்பது இயந்திரமின்றிக் காற்றிலே சறுக்கும் விமானம்.

அந்தச் சிறு பாரத்தின் அருமையை நாம் ஏட்டிற் படித்தபோது உணரவில்லை. சென்ற வருடம் கச்சான் காலத்திலே, விடுமுறையில் வந்த நண்பர்கள் சிலர் சேர்ந்து ரெஜிபோம் தகட்டை வெட்டி ஒரு கிளைடர் செய்தோம். எறிந்ததும் மூக்கை நிமிர்த்தி, ஒரு கணம் நின்று, வால் முந்திக்கொண்டு தேயிலைச் செடியில் விழுந்தது. மறுபடி எறிந்தோம், மறுபடி விழுந்தது. கொழுந்தெடுத்துக் கொண்டிருந்த அக்காமார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கின்றது. பின்னர் ஒருவன் மூக்கிலே நெல்லிக்காயளவு களிமண்ணை அப்பினான். அடுத்த வீச்சிலே அது மூன்று நிரைகளைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. 1804இல் ஒரு பிரபு தமது கழியிலே பாரத்தை நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்ததை, நாம் களிமண்ணால் கண்டுகொண்டோம்.

1809இல் ஒஸ்திரியா நாட்டினர் ஒருவர் சிறகடித்துப் பறந்துவிட்டார் என்ற செய்தி பரவியது. உண்மையில் அவரைத் தூக்கியது பெரும்பாலும் ஒரு வாயுக்கூண்டு. செய்தியிலே அது விடுபட்டுப் போயிற்று. அதை நம்பிய கெய்லி, தமது முடிவுகளை இனியும் வைத்திருத்தல் தகாதென்று எண்ணி, 1809, 1810ஆம் ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாக வெளியிட்டார். ஒரு பொய்ச் செய்தியால் உலகுக்குக் கிடைத்த மெய்ந்நூல் அது. சிறகுகளை இருபுறமும் சற்று மேல்நோக்கி வளைத்தால் ஊர்தி கவிழாது நிற்கும் என்பதும் அதிலே உண்டு. விமானத்துக்குப் பாரமற்ற சக்கரம் வேண்டுமென்று, மெல்லிய கம்பிகள் இழுத்துப் பிடிக்கும் சக்கரத்தை 1808இலே அவர் எண்ணியெடுத்தார். நம் சைக்கிள் சக்கரத்தின் முன்னோடி அதுவே.

குறையாயிருந்தது இயந்திரம் ஒன்றுதான். நீராவி இயந்திரம் தன் பாரத்தையே தூக்க மாட்டாதது. வெடிமருந்தாலும் வெப்பக் காற்றாலும் இயங்கும் பொறிகளை அவர் முயன்று பார்த்தார், போதவில்லை. ஆகவே பறத்தலை ஒருபுறம் வைத்து, வெள்ளம் தேங்கிய வயல்களை வடிப்பித்தார். 1832இலே பாராளுமன்றம் புகுந்தார். 1838இலே இலண்டனில் பொலிடெக்னிக் நிலையம் தோன்ற உதவினார். கையிழந்த குடியானவர் மகன் ஒருவனுக்குச் செயற்கைக் கை செய்து கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

எழுபத்தைந்தாவது வயதிலே கிழவர் மீண்டும் சிறகு கட்டினார். 1849இல், மூன்றடுக்குச் சிறகுள்ள ஊர்தியொன்று பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனைச் சுமந்து சில யார் தூரம் நிலத்தை விட்டு எழுந்தது. 1853இல் இன்னும் பெரிய ஊர்தி. புரொம்ப்டன் பள்ளத்தாக்கின் ஒரு கரையிலே குடும்பத்தாரும் ஊராரும் கூடி நின்றனர். ஊர்தியிலே ஏறியவர் எழுபத்தொன்பது வயதான பிரபு அல்லர், அவருடைய வண்டிக்காரர். ஊர்தி பள்ளத்தாக்கைக் கடந்து மறுகரையிலே இடித்துக்கொண்டு இறங்கியது. ஓடிச் சென்றவர்களிடம் அவ்வண்டிக்காரர், தாம் வேலையை விட்டு விலகுவதாகவும், தம்மைச் சம்பளத்துக்கு எடுத்தது வண்டி ஓட்டவே அன்றிப் பறப்பதற்கன்று என்றும் சொன்னாராம். சிறுமியாயிருந்து அதைக் கண்ட பிரபுவின் பேர்த்தி, முதுமையிலே இதனை நினைவுகூர்ந்தார்.

இந்தக் கதையை ஆங்கிலப் புத்தகங்கள் நகைச்சுவையாகவே சொல்கின்றன. நாமும் முதலிற் சிரித்தோம். பின்னர்ச் சிரிப்பு நின்றுவிட்டது. அளந்து அளந்து எழுதிய கெய்லி, இறகின் நிறையையும் காகத்தின் வேகத்தையும் குறித்த கெய்லி, தம் ஊர்தியில் ஏறிய சிறுவனின் பெயரையோ வண்டிக்காரரின் பெயரையோ குறித்து வைக்கவில்லை. தோட்டத்திலே நாள் முடிவில் பேர் போடுவார்கள்; வேலை குறைந்தால் அரைப் பேர். பள்ளத்தாக்கைப் பறந்து கடந்த அந்த மனிதருக்கு அன்று அரைப் பேர்கூட விழவில்லை. கெய்லி கொடியவர் அல்லர் என்பதை மேலே கூறினோம். நல்லவர் கையிலேயே இது நடந்தது என்பதுதான் நம்மை உறுத்துகின்றது. அதே காலத்தில்தான் நம் முன்னோர் மன்னாரிலிருந்து காடு வழியே நடந்து இந்த மலைகளுக்குக் கோப்பி பறிக்க வந்துகொண்டிருந்தனர். வழியில் விழுந்தவர்களின் பெயர்களையும் எவரும் எழுதவில்லை.

கெய்லி 1857ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆந் திகதி புரொம்ப்டனிலே காலமானார். ஜெர்மனியின் லிலியென்தால் கிளைடரிலே ஏறக்குறைய இரண்டாயிரம் தடவை சறுக்கிப் பறந்து, 1896இல் அதிலேயே உயிர் நீத்தார். ரைட் சகோதரர்களும் 1899இல் ஒரு பட்டத்தைக் கொண்டே தொடங்கினர்; 1903இல் இயந்திரத்தோடு பறந்தனர். தமக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே கெய்லி இவ்வித்தையைப் பெரிதும் முன்னெடுத்துச் சென்றாரென்று வில்பர் ரைட் மனந்திறந்து ஒப்புக்கொண்டார். 1973இல் டெரெக் பிகொட் என்ற கிளைடர் விமானி, கெய்லியின் குறிப்புகளைக் கொண்டு கட்டிய பிரதி ஒன்றில் அதே பள்ளத்தாக்கிலே பறந்து காட்டினார்.

கெய்லி வாலைத் திருப்பிவைத்துவிட்டு எறிந்தார். எறிந்தபின் அவர் கையில் ஒன்றுமில்லை. இன்று காபன் நாரினாற் செய்த மாதிரிக் கிளைடரின் வாலை, நிலத்தில் நிற்பவர் வானொலி அலையால் திருப்புகின்றார். மலைமீது மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகின்றது. அந்த எழுகாற்றிலே கிளைடர் சறுக்கிக்கொண்டேயிருந்தாலும், காற்று தூக்கும் வேகம் கூடுதலாயிருப்பதால் இறங்குவதில்லை, மணிக்கணக்காக நிற்கும். மலைமுகட்டின் இருபுறத்துக் காற்றின் வேக வித்தியாசத்திலே சுற்றிச் சுற்றி வேகம் சேர்க்கும் வித்தையால், 2021இல் கலிபோர்னியாவிலே ஒரு மாதிரிக் கிளைடர் மணிக்கு 880 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம் எய்தியது. இயந்திரமே இல்லாத பொருளுக்கு இது!

நாமும் பணம் சேர்த்து, ஒருவர் பாவித்த பழைய வானொலிக் கருவி ஒன்றை வாங்கியிருக்கின்றோம். களிமண்ணுக்குப் பதிலாக மின்கலத்தையே மூக்கிலே வைத்தோம். வரும் கச்சானிலே பசறைப் பக்கத்துச் சரிவொன்றிலே விட்டுப் பார்க்க எண்ணம். ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா ஒருவர், இதனால் என்ன வருமானம் என்று கேட்டார். அவருக்கு இன்னும் விடை சொல்லவில்லை. ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு கொப்பியிலே குறிப்பு எழுதுகின்றோம்: திகதி, காற்று வீசிய திசை, வால் திருப்பிய அளவு, எறிந்தவர் பேர், கீழே செடிக்குள் ஓடிப்போய் எடுத்து வந்த பையனின் பேர்.