சேற்றுத் தண்ணி என்ற பாட்டுக்காரர்

ஏப்ரல் மாதம் என்றால் எங்கட ஆக்களுக்கு மருத்துநீரும் கைவிசேஷமும் புதுவருசமும்தான் நினைவுக்கு வரும். இதே ஏப்ரல் மாதத்தில் பிறந்து, ஏப்ரல் மாதத்திலேயே கண்ணை மூடிய ஒரு பாட்டுக்காரரைப் பற்றி இந்தப் புத்தாண்டு மலரில் எழுதலாம் என்று நினைத்தேன். அவர் தமிழர் இல்லை. கறுப்பின அமெரிக்கர். பெயர் மடி வோட்டர்ஸ். எங்கட மலருக்குள்ள இவர் ஏன் வந்தவர் எண்டு சிலர் கேட்கக்கூடும். கடைசிவரை வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.

அவருடைய உண்மைப் பெயர் மக்கின்லி மோர்கன்ஃபீல்ட். அமெரிக்காவின் தெற்குப் பக்கம் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தி விளைகின்ற ஒரு நாட்டுப்புறத்தில் பிறந்தவர். 1913 ஏப்ரல் 4 ஆம் திகதி பிறந்தார் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கல்லறையில் 1915 என்று வெட்டியிருக்கு. பிறந்த வருசம் கடுதாசிக்குக் கடுதாசி மாறிக் கிடக்கிறது எங்கட ஆக்களுக்கும் புதுசில்லைத்தானே!

சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டார். அம்மம்மா டெல்லாதான் எடுத்து வளர்த்தவர். பேரன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஓடையில் இறங்கி எந்நேரமும் சேற்றில் அளைந்துகொண்டு நிற்பானாம். அதனால் அம்மம்மா வைத்த செல்லப் பெயர்தான் மடி. அதாவது சேறு. கூட விளையாடிய பிள்ளைகள் வோட்டர்ஸ் என்பதையும் சேர்த்துவிட்டார்கள். 'சேற்றுத் தண்ணி' என்ற அந்தப் பட்டப்பெயரே கடைசியில் உலகம் முழுவதும் தெரிந்த பெயராகிவிட்டது.

அம்மம்மாவோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் கிளார்க்ஸ்டேல் என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த ஸ்ரோவல் என்ற பருத்தித் தோட்டம். அமெரிக்காவில் அடிமை முறை 1865 இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் காணி வெள்ளைக்காரத் துரைமாரிடமே இருந்தது. கறுப்புச் சனம் வாரத்துக்குச் செய்ய வேண்டும். விதையும் மாவும் துணியும் தோட்டத்துக் கடையில் கடனுக்கு எடுக்க வேண்டும். வருசக் கடைசியில் துரை கொப்பியைத் திறந்து கணக்கு வாசிப்பார். அநேகமாகக் கடன்தான் மிஞ்சும். மலையகத்தில் பிறந்து வளர்ந்த எங்கட உறவுகளுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேயிலைக்குப் பதிலாகப் பருத்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பருத்தி வயல்களில் வேலை செய்தபடி சனங்கள் பாடிய பாட்டுகளிலிருந்து வந்ததுதான் 'புளூஸ்' என்ற பாட்டு வகை. எங்கட அருவி வெட்டுப் பாட்டு, கடலில் வலை இழுக்கேக்க பாடுகிற அம்பாப் பாட்டு, செத்த வீட்டு ஒப்பாரி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துப் பாருங்கள். துக்கம் இருக்கும், பகிடியும் இருக்கும். ஒருவர் எழுதிக் கொடுத்துப் பாடினதில்லை. வாயிலிருந்து வாய்க்குப் போனது.

மடி முதலில் மவுத் ஓர்கன் வாசித்தார். பதினேழு வயதளவில் வீட்டில் நின்ற குதிரையை விற்று, அம்மம்மாவுக்குப் பாதிக் காசைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பழைய கிற்றார் வாங்கினார். சன் ஹவுஸ் என்ற பாட்டுக்காரரைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கப் பழகினார். போத்தலின் கழுத்துப் பகுதியை உடைத்து விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கி வாசிக்கிற முறை அது. எங்கட கோட்டுவாத்தியத்தில் கட்டையை வைத்து இழுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. சுரத்துக்குச் சுரம் பாயாமல் வழிந்து போகும். மனிசர் அழுகிற மாதிரிக் கேட்கும்.

சனிக்கிழமை இரவுகளில் மடியின் கொட்டில்தான் தோட்டத்துச் சனங்களின் கொட்டகை. பாட்டு, ஆட்டம், சூது, களவாகக் காய்ச்சின கசிப்பு எல்லாம் அங்கே நடக்கும். 1941 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அலன் லோமக்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே வந்து விசாரித்தபோது, கசிப்புப் பிடிக்க வந்திட்டாங்கள் எண்டுதான் மடி முதலில் பயந்தாராம். லோமக்ஸ் வந்தது அதற்கல்ல. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைப் பதிவு செய்ய வந்தவர். கறுப்பின மாணவர்களுக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஜோன் வேர்க் என்ற இசைப் பேராசிரியரும் கூட வந்திருந்தார். கொட்டிலுக்குள் மெஷினை வைத்து மடியைப் பாடச் சொல்லிப் பதிந்தார்கள். பிறகு திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். தன்னுடைய குரலை மடி அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியிலிருந்து கேட்டார். தானும் ஒரு பாட்டுக்காரன்தான் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கொஞ்சக் காலத்தில் 20 டொலர் காசோலையும் அந்த இசைத்தட்டின் இரண்டு பிரதிகளும் தபாலில் வந்தன.

அந்த நேரம் அவர் தோட்டத்தில் உழவு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மணித்தியாலத்துக்கு இருபத்திரண்டரைச் சதம். 1943 இல் அதை 25 சதமாக்கித் தரச்சொல்லிக் கங்காணியிடம் கேட்டார். இரண்டரைச் சதம் கூடக் கேட்டதற்குக் கங்காணி சீறி விழுந்தான். மடி சண்டை பிடிக்கவில்லை. சில நாளில் அம்மம்மாவிடம் சொல்லிக்கொண்டு, கிற்றாரையும் தூக்கிக்கொண்டு சிக்காகோ நகரத்துக்கு றெயின் ஏறிவிட்டார்.

அவர் மட்டுமல்ல. 1910 க்கும் 1970 க்கும் இடையில் ஏறக்குறைய 60 இலட்சம் கறுப்பு மக்கள் தெற்கை விட்டு வடக்கத்தைய, மேற்கத்தைய நகரங்களுக்குப் போனார்கள். அடி, உதை, தூக்குமரம் ஒரு பக்கம். கூலி இல்லாமை மறுபக்கம். எல்லையைத் தாண்டவில்லை, பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. எண்டாலும் ஊரை விட்டு ஓடினது ஓடினதுதானே. முதலில் போனவர் சொந்தக்காரரைக் கூப்பிட, ஒரு அறைக்குள் ஆறு பேர் படுக்க, கிழமைக் கடைசியில் ஊர்ச் சாப்பாடு சமைக்க... கிளேட்டனில் வந்து இறங்கின எங்களுக்கு இந்தக் கதை அந்நியமா?

சிக்காகோவில் மடிக்கு முதலில் கிடைத்தது கடுதாசிப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. பிறகு யன்னல் மறைப்புகள் ஏற்றி இறக்குகிற லொறி ஓட்டினார். பகலில் வேலை, இரவில் வீட்டு விருந்துகளிலும் தவறணைகளிலும் பாட்டு. இங்கேதான் அவருக்குப் பெரிய சிக்கல் வந்தது. ஊரில் ஒரு மரக் கிற்றாரும் ஒரு குரலும் போதும். சுற்றிவர வயலும் இருட்டும்தான். நகரத்துத் தவறணையில் நூறு பேர் ஒரே நேரத்தில் கத்திக் கதைப்பார்கள். போத்தில் உருளும், கதிரை இழுபடும், வெளியில் றெயின் ஓடும். மரக் கிற்றாரின் சத்தம் முன் மேசையைக்கூடத் தாண்டாது. தொழிற்சாலையில் வேலை செய்கிற எனக்கு இது நன்றாக விளங்குகிறது. மெஷின் ஓடேக்க பக்கத்தில் நிற்கிறவன் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒன்றில் கத்த வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும்.

மடி பேசாமல் இருக்கவில்லை. 1944 அளவில் அவருடைய மாமன் ஒருவர் மின்சாரக் கிற்றார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கிற்றாரில் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மேலே உருக்குக் கம்பி அதிர, சுருளில் மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். அதை ஒலிபெருக்கி பெரிதாக்கித் தரும். ஆனால் சத்தம் கூடினது மட்டும் விசயமில்லை. மரக் கிற்றாரில் தட்டினவுடன் செத்துப்போகிற சுரம், மின்சாரத்தில் நீண்டு நிற்கும். போத்தல் கழுத்தால் இழுக்கிற அந்த அழுகை இன்னும் நீண்டு, இன்னும் கூர்மையாகக் கேட்டது. பாட்டு அதே மிசிசிப்பிப் பாட்டு. குரலிலும் அதே ஊர்ப் பேச்சுத்தான். சிக்காகோவின் இரைச்சலுக்கு மேலால் அது இப்போது கேட்டது.

போலந்திலிருந்து சின்ன வயதில் வந்து குடியேறிய யூதச் சகோதரர்கள் லெனாட் செஸ், ஃபில் செஸ் என்பவர்கள். இவர்களுடைய கம்பனி 1948 ஏப்ரலில் மடியின் ஒரு இசைத்தட்டை வெளியிட்டது. ஏறக்குறைய ஒரே நாளில் கடைகளில் முடிந்துவிட்டது. பாடினவருக்கே ஒரு பிரதி வாங்குவது கஷ்டமாகப் போய்விட்டது. வாங்கினது யார்? தெற்கிலிருந்து வந்து தொழிற்சாலைகளிலும் இறைச்சிக் கொட்டகைகளிலும் வேலை செய்த சனம். ஊர்க் குரல் இந்தப் பட்டணத்துச் சத்தத்திலேயே வந்தது அவர்களுக்குத் தங்களுடைய கதையாகவே இருந்தது.

பிறகு லிற்றில் வோல்ற்றர் மவுத் ஓர்கனோடும், ஜிம்மி றொஜர்ஸ் இரண்டாவது கிற்றாரோடும், ஓட்டிஸ் ஸ்பான் பியானோவோடும் சேர, மடியின் குழு சிக்காகோவின் முதல்தரக் குழுவாகியது. 1950 இல் அவர் பாடிய 'றோலிங் ஸ்ரோன்' என்ற பாட்டின் பெயரைத்தான் 1962 இல் லண்டன் பெடியள் சிலர் தங்கள் குழுவுக்கு வைத்தார்கள். அந்த றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவைத் தெரியாதவர்கள் இல்லை. மூலவரைத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

1958 இல் மடி இங்கிலாந்துக்குப் போனார். அங்குள்ள நாட்டார் பாடல் ரசிகர்கள் பருத்தி வயலிலிருந்து ஒரு ஏழைப் பாட்டுக்காரர் மரக் கிற்றாரோடு வருவார் என்று காத்திருந்தார்கள். வந்தவர் மேடையில் மின்சாரக் கிற்றாரை முடுக்கிவிட்டார். ரசித்தவர்கள் ரசித்தார்கள். சிலர் இது நாட்டார் பாட்டா என்று முகம் சுளித்தார்கள். சரி, இவர்களுக்கு இதுதான் விருப்பமாக்கும் என்று நினைத்து 1963 இல் திரும்பப் போகும்போது மரக் கிற்றாரைக் கொண்டுபோனார். அதற்குள் அங்குள்ள இளசுகள் மின்சாரக் கிற்றாருக்குப் பைத்தியமாகி, எங்கே உங்கள் மின்சாரம் என்று கேட்டார்கள்! 1964 இல் அவருடைய கம்பனியே 'நாட்டார் பாடகர்' என்று தலைப்பு வைத்து, மரக் கிற்றாரோடு அவரைப் பாட வைத்து ஒரு இசைத்தட்டு விட்டது. அடுத்த வருசம் நியூபோர்ட் நாட்டார் விழாவில் பொப் டிலன் மின்சாரக் கிற்றாரோடு மேடையேறியபோது கூச்சல் போட்டார்கள். அது இன்றும் பெரிய புதினமாகப் பேசப்படுகிறது. மடி அதைச் சிக்காகோத் தவறணைகளில் இருபது வருசமாகச் செய்துகொண்டிருந்தார்.

எல்லா மாற்றமும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 1968 இல் கம்பனிக்காரர் அந்த நேரத்து நாகரிகத்துக்கு ஏற்றபடி, இரைச்சலைக் கூட்டி, 'மின்சாரச் சேறு' என்ற கருத்தில் தலைப்பு வைத்து ஒரு இசைத்தட்டுச் செய்வித்தார்கள். மடிக்கே அது பிடிக்கவில்லை. தன் பாட்டு தன் சனத்துக்குக் கேட்க வேண்டும் என்று அவராக மாற்றினது ஒன்று. விற்க வேண்டும் என்று மற்றவன் மாற்றினது வேறொன்று. இந்த வித்தியாசத்தை நாங்கள் மறக்கக்கூடாது.

பிற்காலத்தில் கஷ்டமும் புகழும் சேர்ந்தே வந்தன. 1969 இல் பெரிய வாகன விபத்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. 1973 இல் மனைவி ஜெனீவா புற்றுநோயில் இறந்தார். தன் பாட்டுகளுக்கு வரவேண்டிய உரிமைப் பணம் சரியாக வரவில்லை என்று 1976 இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. மறுபக்கம் ஆறு கிராமி விருதுகள். 1970 களில் அவுஸ்திரேலியாவுக்கும் வந்து பாடிவிட்டுப் போனார். 1978 இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கார்ட்டர் முன்னால் பாடினார். இரண்டரைச் சதத்துக்கு மறுக்கப்பட்ட ஆள்!

1983 ஏப்ரல் 30 ஆம் திகதி நித்திரையிலேயே அவருடைய உயிர் பிரிந்தது. 83 என்றால் எங்கட சனத்துக்கு வேறு நினைவுதான் வரும். அந்த யூலைக்கு மூன்று மாதம் முந்திப் போனவர் அவர். அவர் வாழ்ந்த கொட்டிலில் மிஞ்சின மரக்கட்டைகளைக் கிளார்க்ஸ்டேல் அரும்பொருட்சாலையில் இன்றும் பார்க்கலாம். ஆளே இருக்க முடியாமல் ஓடின வீடு காட்சிக்கு இருக்கிறது.

இனி ஏன் இவர் எங்கட மலரில் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கட கலைவிழாக்களில் பிள்ளைகள் நாட்டார் பாட்டைக் கீபோட்டிலும் கிற்றாரிலும் வாசித்தால், பாட்டைக் கெடுத்துப்போட்டாங்கள் எண்டு சொல்லுகிற பெரியவர்கள் இருக்கினம். அவர்களின் பயம் எனக்கு விளங்குது. ஊரில் விட்டதெல்லாம் போக மிஞ்சினது இந்தப் பாட்டுத்தான், அதுவும் போயிடுமோ எண்ட பயம். ஆனால் ஊரிலேயே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசை பாடேக்க நாங்கள் கை தட்டினவர்கள்தானே. பிள்ளை வளர்கிற இடம் கிளேட்டன். அவனைச் சுற்றி இருக்கிற சத்தம் வேறு. அந்தச் சத்தத்துக்கு மேலால் கேட்காத பாட்டு, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அவன் காதில் ஏறாது.

ஒன்று மட்டும் கேட்போம். பாட்டுச் சொல்லை விளங்கிப் பாடுகிறானா? அது யாருடைய பாட்டு, எந்த வயலில், எந்தக் கடலில் பாடினது என்று அவனுக்குத் தெரியுமா? மடி வோட்டர்சுக்கு அது தெரிந்திருந்தது. கடைசிவரை அவர் மிசிசிப்பிப் பேச்சை விடவில்லை. இந்தப் புதுவருசத்தில் வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு ஊர்ப் பாட்டைச் சொல்லோடும் கருத்தோடும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கோ. அதை அவன் எந்த வாத்தியத்தில் வாசிக்கிறது எண்டு அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.