திருவல்லிக்கேணி கோதை

மார்கழி பிறந்தால் நம் வீடுகளில் கோதை நாச்சியாரின் நினைவு வராமல் இருக்காது. துளசிச் செடியடியில் கண்டெடுத்த அந்தக் குழந்தைக்குத் தமிழையும் பக்தியையும் ஊட்டியவர், வளர்த்த தந்தையான பெரியாழ்வார். அதே பெயர் கொண்ட இன்னொரு கோதையையும் அவர் வீட்டுப் பெரியவர்கள்தான் உருவாக்கினார்கள். அவர்தான் நாவலாசிரியை வை.மு.கோதைநாயகி அம்மாள்.

1901-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயது ஆகும்போதே தாயை இழந்தார். பாட்டியும் சித்தியும்தான் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தார்கள். ஐந்தரை வயதில் திருமணம்! கணவர் பார்த்தசாரதி. திருவல்லிக்கேணியில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளின் திருநாமம்தான் அவருக்கும்!

பள்ளிக்கூடம் போய்ப் படிக்க வாய்ப்பில்லை. ஆனால் என்ன? வீடே பள்ளிக்கூடம் ஆனது. திருவாய்மொழியும் கம்பராமாயணமும் சித்தப்பா மூலம் காது வழியே மனதில் பதிந்தன. புகுந்த வீட்டில் மாமியார் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார். மருமகளுக்கு மாமியாரே குரு! நூறு வருடங்களுக்கு முந்தைய கதை இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்த்துப் பார்த்து, தானும் ஒரு நாடகம் படைக்கவேண்டும் என்ற ஆசை பிறந்தது. ஆனால், சரளமாக எழுத வரவில்லையே! கோதை கலங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படிப் பிறந்த 'இந்திர மோகனா' 1924-ல் அச்சேறியது. கேட்டே வளர்ந்தவருக்குச் சொல்வதா கடினம்?

அடுத்த வருடமே 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். குடும்பப் பெண்ணுக்குப் பத்திரிகை எதற்கு, மேடைப் பேச்சு எதற்கு என்று ஊரில் ஏச்சும் பேச்சும் எழுந்தன. கணவர் அரணாக நின்றார். அந்தத் துணையில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் பிறந்தன. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் அவர் எழுத்தை விடவில்லை.

1956-ல் விழுந்தது பேரிடி. ஒரே மகன் சீனிவாசன் மறைந்தார். அந்தத் துயரிலிருந்து தாயுள்ளம் மீளவே இல்லை. 1960-ல் கோதைநாயகி அம்மாள் பெருமாள் திருவடியை அடைந்தார்.

அடுத்த முறை பார்த்தசாரதி பெருமாளைச் சேவிக்கப் போகும்போது, மாடவீதியில் ஒரு நிமிடம் நின்று இந்தக் கோதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பாட்டியோ மாமியாரோ ஒரு வரிகூட எழுதிப் புகழ் பெற்றவர்கள் இல்லை. ஆனாலும் அந்த நாவல்கள் அத்தனையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

உங்கள் வீட்டிலும் ஒரு பேத்தியோ மருமகளோ இருப்பாள். மாலையில் விளக்கேற்றியதும் பக்கத்தில் உட்கார வைத்து, தெரிந்த ஒரு பாசுரத்தை, ஒரு கதையைச் சொல்லிக் கொடுங்கள். அவள் எதையாவது சொல்ல வந்தால், அடுப்பைக் கொஞ்சம் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். அவளுக்குள்ளும் ஒரு கோதை இருக்கலாம்!