சொல்லின் கடன்

அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் காலால் உதைப்பதைக் காட்டிலும் கையில் ஏந்தி ஓடுவதையே பெரிதும் நம்பும் ஆட்டம். அதில் பின்வரிசையில் நின்று பந்தை வாங்கி, எதிரணியின் அரணைப் பிளந்து ஓடுபவரை ‘ஹாஃப்பேக்’ என்பர். அவ்விடத்தில் நின்று, ஒரே பருவத்தில் நாடறிந்த பெயரானவர் அயோவாப் பல்கலைக்கழக மாணவர் நைல் கின்னிக்.

1918 ஜூலை 9 அன்று அயோவா மாநிலத்தின் அடெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஜார்ஜ் கிளார்க் அம்மாநில ஆளுநராக விளங்கியவர். பின்னர் குடும்பம் ஒமாகா நகருக்குக் குடிபெயர்ந்தது.

1938இல் அயோவா அணி வென்றது ஒரே ஓர் ஆட்டம். மறு ஆண்டு எடி ஆண்டர்சன் என்னும் மருத்துவர் பயிற்சியாளராக வந்தார். ஆட்கள் குறைந்த அணி. பலர் முழு ஆட்டமும் ஓய்வின்றி நின்றாடினர். ‘இரும்பு மனிதர்’ என்னும் பெயர் அவர்களுக்கு அதனால் வந்தது. வலிமை மிக்க நோட்டர் டேம் அணியை 7–6 என வென்றபோது, அந்த ஏழு புள்ளிகளையும் ஈட்டியவர் கின்னிக். அவ்வாண்டு அணி எட்டு ஆட்டங்களில் ஆறில் வென்றது. கல்லூரி ஆட்டக்காரருக்குரிய தலையாய ஹைஸ்மன் விருது அவரைத் தேடி வந்தது.

1939 டிசம்பரில் நியூயார்க்கில் விருதேற்றுப் பேசியபோது, ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்தது. போர்க்களத்தில் அன்றி ஆடுகளத்தில் போராட வாய்த்தமைக்காக அவர் நன்றி கூறினார். தம் நாட்டு ஆட்டக்காரர்கள் போர்ப் பதக்கத்தைவிட இவ்விருதையே விரும்புவர் என்றும் உரைத்தார். வெற்றிவிழாவில் தம் புகழை மறந்து பிறர் துயரை நினைத்த அச்சிற்றுரையே அவரது ஆட்டத்தினும் நெடிது வாழ்கிறது.

பொருள் தரும் தொழில்முறை ஆட்டத்தை மறுத்துச் சட்டம் பயின்றார். பின்னர்க் கடற்படை வானூர்திப் பிரிவில் சேர்ந்து, 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மூன்று நாள் முன்னர்ப் பணிக்கு அழைக்கப்பட்டார்.

1943 ஜூன் 2. வெனிசுவேலாவை அடுத்த பாரியா வளைகுடாவில், லெக்சிங்டன் கப்பலிலிருந்து பயிற்சிக்காகப் பறந்த அவரது ஊர்தியில் எண்ணெய் கசிந்தது. கப்பல் தளத்திலோ புறப்படக் காத்திருந்த ஊர்திகள். அங்கு இறங்க முயலாமல் கடலில் இறக்கினார். மீட்கச் சென்றோர் கண்டது நீர்மேல் மிதந்த எண்ணெய்ப் படலம் மட்டுமே. அகவை இருபத்து நான்கு, உடலும் கிட்டவில்லை. மறு ஆண்டில் தம்பி பென்னும் வானூர்திப் போரில் மாண்டார்.

அமைதிக்கு நன்றி சொன்னவர் போரில் மடிந்தது சொல்லுக்கு முரண் போலத் தோன்றலாம். அவருக்கோ நன்றி என்பது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். 1972இல் அயோவா விளையாட்டரங்கம் அவர் பெயரை ஏற்றது; கல்லறை இல்லாத அவருக்கு அதுவே நினைவிடம்.