ஏடுகளில் மறைந்தோரைத் தேடியவர்

இடைக்கால ஐரோப்பாவின் வரலாற்றை எழுதியோர் பலர், மன்னர்களையும் போர்களையும் விரித்துரைத்து, உழவர்களையும் பெண்களையும் ஓரிரு வரிகளில் கடந்தனர். அவ்விருவரையும் ஆய்வின் நடுவில் நிறுத்தியவர் ஐலீன் பவர்.

இவர் 1889ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆல்ட்ரிங்காம் நகரில் பிறந்தார். பங்குத்தரகரான தந்தை மோசடிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். பதினான்காம் வயதில் தாயையும் இழந்த ஐலீன், அத்தைமார் துணையுடன் கற்றார். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் வரலாறு பயின்று முதல் வகுப்பில் தேறினார். ஆயினும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் தேர்வெழுதலாம், தேறலாம், பட்டம் பெறல் ஆகாது என்பதே அன்று அப்பல்கலைக்கழகத்தின் விதி. அவ்விதி மாறிய 1948இல் அவர் உயிருடன் இல்லை. பின்னர்ப் பாரிசில் ஆய்வுப் பயிற்சி பெற்ற அவர், 1913இல் தாம் பயின்ற கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

இங்கிலாந்தின் கன்னியர் மடங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1922இல் வெளிவந்தது. மடங்களைப் பார்வையிட்ட ஆயர்களின் பதிவேடுகளையும் மடங்களின் கணக்குச் சுருள்களையும் அவர் துருவிப் படித்தார். ஆயர்கள் குற்றமாகக் குறித்து வைத்த செய்திகளே அவருக்குச் சான்றாயின. அம்மகளிர் பட்ட கடன், உடுத்திய உடை, தடையை மீறி வளர்த்த நாய்க்குட்டி ஆகிய அனைத்தும் அந்நூலில் உயிர்பெற்றன.

1924இல் வந்த 'இடைக்கால மாந்தர்' என்னும் பொருளுடைய நூலோ பொதுமக்களிடமும் சென்றது. பாரிசை அடுத்த மடமொன்றின் ஒன்பதாம் நூற்றாண்டு நிலக்கணக்கில் போடோ என்னும் குடியானவன் பெயர் உள்ளது. அவன் மனைவி எர்மன்ட்ரூட், மூன்று பிள்ளைகள், செலுத்த வேண்டிய வரி, செய்ய வேண்டிய ஊழியம் ஆகியவற்றையே அக்கணக்கு கூறுகிறது. வரி தண்டுவதற்காக எழுதிய ஏட்டிலிருந்து அக்குடும்பத்தின் ஒரு நாளை ஐலீன் எழுப்பிக் காட்டினார். போடோ குளிரில் ஏர் பூட்டுகிறான். எர்மன்ட்ரூட் செலுத்த வேண்டிய கோழியையும் முட்டையையும் சுமந்து செல்கிறாள். இது வரலாறா, கதையா என ஐயுறுவோர் உண்டு. கற்பனை கலந்ததுதான், எனினும் அது சான்றின் எல்லைக்குள் நின்ற கற்பனை என்பதே பொருத்தமான மதிப்பீடு.

இதற்கிடையே, ஆல்பர்ட் கான் பயண நல்கையைப் பெற்ற முதல் பெண்மணியாக 1920-21இல் இந்தியாவிலும் சீனத்திலும் பயணம் செய்தார். 1921இல் லண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்து, 1931இல் பொருளியல் வரலாற்றுப் பேராசிரியரானார். தங்கை ரோடாவுடன் இணைந்து பள்ளி மாணவர்களுக்காக வானொலியிலும் வரலாறு கற்பித்தார்.

1939இல் ஆக்ஸ்போர்டில் இடைக்கால ஆங்கிலக் கம்பளி வணிகம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மறு ஆண்டு ஆகஸ்டில், 51ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். கம்பளிச் சொற்பொழிவுகள் 1941இலேயே நூலாயின. இடைக்காலப் பெண்களைப் பற்றிய சொற்பொழிவுகளோ, கணவர் மைக்கேல் போஸ்டனின் பதிப்பாக 1975இல்தான் அச்சேறின.