நோயாளிகளின் ஊழியர் அர்ச். கமில்லுஸ்

நாப்போலி இராச்சியத்தைச் சேர்ந்த புக்கியானிக்கோ என்னும் ஊரில், 1550-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி கமில்லுஸ் தெ லெல்லிஸ் பிறந்தார். தகப்பனார் போர்ச்சேவகர். பிள்ளையும் வாலிபத்தில் அதே தொழிலில் அமர்ந்தார். ஆறடிக்கு மேற்பட்ட ஆகிருதி, அதற்கேற்ற முன்கோபம், எல்லாவற்றிற்கும் மேலாகச் சூதாட்டப் பைத்தியம். போதாக்குறைக்குக் காலில் ஆறாத புண் ஒன்று.

அப்புண்ணுக்குச் சிகிச்சை பெற 1571-ல் உரோமாபுரி அர்ச். யாகப்பர் ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கேயே பணிவிடைக்காரராகவும் அமர்ந்தார். இவருடைய சண்டையும் சூதும் பொறுக்கமாட்டாமல் சில மாதங்களில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆம், பிரிய வாசகரே! 1930-ல் 11-ம் பத்திநாதர் பாப்பானவர் தாதியர்க்குப் பாதுகாவலராக ஏற்படுத்திய இவர், முதலில் அவ்வேலையிலிருந்து நீக்கப்பட்டவரே.

1574-ல் நாப்போலியில் கையிலிருந்ததெல்லாம் சூதில் தோற்று, மன்பிரெதோனியாவில் கப்புச்சின் சந்நியாசிகளின் கட்டிட வேலையில் கூலியாளானார். மறு ஆண்டு பெப்ருவரி 2-ந் தேதி மனந்திரும்பினார். அச்சபையில் சேர இருமுறை முயன்றும் கால்புண் இடங்கொடுக்கவில்லை. திரும்பவும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்.

முன்பு சலித்த இடத்திலேயே இப்போது அவர் மனம் நிறைந்தது. வேலை இலேசாகிவிடவில்லை, புண்ணும் ஆறவில்லை. நோயாளியிடத்தில் சேசுநாதரைக் கண்டதே மாறுதலுக்குக் காரணம். ஆனால் பக்தி மாத்திரம் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கூலிக்கு மட்டும் நின்ற ஊழியர் நோயாளிகளைக் கவனியாது விட்டதைக் கண்டு நொந்து, தனியொருவன் உழைப்பு எம்மாத்திரம் என்று 1582-ல் ஒத்த மனதுள்ள தோழரைத் தேடினார். ஒருவனை முறித்துவிடும் பாரத்தைப் பலர் கூடிச் சுமந்தார்கள். இராக்காவல் நிற்கும் தாதியர்க்கு, அருகில் ஒரு துணை இருப்பதன் அருமை தெரியும்.

முப்பத்திரண்டு வயதில் சிறுவரோடு பெஞ்சியில் உட்கார்ந்து இலத்தீன் படித்து, 1584-ல் குருப்பட்டம் பெற்றார். 1586-ல் அவர் சபையார் அங்கியில் சிவப்புச் சிலுவை அணிய 5-ம் சிக்ஸ்துஸ் பாப்பானவர் உத்தரவளித்தார். தொற்றுநோயாளிக்கும் உயிரைப் பாராமல் ஊழியஞ் செய்வதென்பது அவர்களுடைய நான்காம் வார்த்தைப்பாடு. நாப்போலித் துறைமுகத்தில் கொள்ளைநோய் கண்ட கப்பல்களுக்குச் சென்ற இருவர் அதில் உயிர்விட்டனர்.

1607-ல் சபைத் தலைமையை விட்டார்; நோயாளிகளை விடவில்லை. நடக்கமாட்டாத நாட்களில், படுக்கையைவிட்டுத் தவழ்ந்து போய், மற்றவர்களுக்கு ஏதேனும் வேண்டுமா என்று பார்த்து வருவாராம். 1614 ஜூலை 14-ந் தேதி உரோமாபுரியில் மரித்தார். கால்புண் அன்றும் ஆறவில்லை.